விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகு: மேடையிலிருந்து காரைக்குடி வகுப்புக்கு

பியானோ வாசிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்கு வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போனால் எந்த மருத்துவரைப் பார்ப்பது, கையிலிருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது, மேடையை விட்டுக் கற்பிக்க வந்தால் என்னென்ன எதிர்ப்படும் என்றெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது ஒருவரும் இருக்கவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும், மருத்துவத்துக்கு மட்டும் நான்கரை இலட்சம் ரூபாயும், பியானோவை விற்றதில் மேலும் மூன்றரை இலட்சமும் போன பிறகுதான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. கையில் கோளாறு தொடங்கியிருக்கும் கலைஞர்களுக்கும், பெருநகரத்தை விட்டுவிட்டுச் சிறிய ஊரில் பியானோ கற்பிக்க எண்ணுகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூர். அப்பச்சிக்கு (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) சென்னையில் தொழில் என்பதால் வளர்ந்ததும் படித்ததும் அங்கேதான். லண்டன் தேர்வு வாரியத்தின் எட்டு கிரேடுகளையும் அதற்கு மேலான பட்டயத்தையும் முடித்து, லண்டனில் ஓர் இசைக் கல்லூரியில் மேற்படிப்பும் படித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினேன். மேடைப் பியானோ கலைஞர் என்றால் பெரும் வருமானம் இருக்கும் என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மும்பையில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிம்பொனி இசைக்குழுவைத் தவிர முழுநேரத் தொழில்முறை இசைக்குழு ஒன்றுகூட இந்தியாவில் கிடையாது என்பதால், இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு இங்கே அரிது. மும்பை, தில்லி, கோவா, கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று தனிக் கச்சேரிகள் கிடைத்தன. ஒன்றரை மணி நேரம் மனப்பாடமாக வாசிக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சிக்காக மாதக்கணக்கில் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் சாதகம் செய்வேன். வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு முகவருக்கும், பெரும்பகுதி விமானத்துக்கும் தங்குமிடத்துக்கும் போய்விடும். தேர்வெழுதும் வயலின் மாணவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தும், நட்சத்திர விடுதிகளின் வரவேற்பறையில் வாசித்தும்தான் வீட்டு வாடகையைக் கட்டினேன். இந்த நிலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் வைத்திருக்கும் வழக்கமான மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். வெளிநோயாளியாக மாதக்கணக்கில் அலைவதற்கோ, வாசிக்க முடியாமல் போன மாதங்களின் வருமானத்துக்கோ அதில் இடமில்லை. வாசிக்க முடிகிற ஆண்டுகளிலேயே ஓராண்டு வீட்டுச் செலவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அப்படி ஒரு தொகை என்னிடம் இருந்திருந்தால் பின்னால் எடுத்த பல முடிவுகளைப் பதற்றமில்லாமல் எடுத்திருப்பேன்.

கோளாறு முதலில் தென்பட்டது, இசைக்குழுவோடு சேர்ந்து வாசிப்பதற்கான மோட்சார்ட்டின் 23ஆம் பியானோ கான்செர்ட்டோவைத் தயார் செய்துகொண்டிருந்தபோது. அதில் வலது கைக்கு ஏறுமுகமாக ஓடும் ஸ்கேல்கள் (ஸ்வர வரிசைகள்) நிறைய உண்டு. நடுவிரல் கட்டையை அழுத்தியதும் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கையை நோக்கி மடங்கின. சுண்டு விரல் விழ வேண்டிய ஸ்வரம் ஒலிக்காமல், நகத்தின் ஓரம் கட்டையின் விளிம்பில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வலி துளியும் இல்லை. வலி இல்லாததால் இதை நோய் என்று நினைக்கத் தோன்றவில்லை. சாதகம் போதவில்லை என்றே தோன்றியது. எங்கள் துறையில் எதற்கும் முதல் மருந்து கூடுதல் சாதகம் என்பதால் நேரத்தைக் கூட்டினேன், கூட்டக் கூட்ட விரல்கள் இன்னும் விரைவாக மடங்கின. அதே கையால் எழுதினேன், சட்டைக்குப் பொத்தான் போட்டேன், அப்பத்தாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அவற்றில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. கட்டைகள் மீது வைத்தால்தான் கை வேறு யாருடையதோ ஆகிவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவரிடம் சொன்னால் அடுத்த பருவத்துக் கச்சேரிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்ற பயம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு, அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. கடினமான இடங்களில் வலது கையின் ஸ்வரங்களை இடது கைக்கு மாற்றி வாசித்துக்கொண்டு, நிகழ்ச்சி முடிந்து கை குலுக்க வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டு, விடுதி அறைக்குப் போய் அழுதிருக்கிறேன்.

பிறகு மருத்துவர்களிடம் அலையத் தொடங்கினேன். முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் தசைநார் அழற்சி என்று சொல்லி ஓய்வும் இயன்முறைச் சிகிச்சையும் எழுதிக் கொடுத்தார். ஓய்வெடுத்துத் திரும்பியபோது கட்டைகள் மீது விரல்கள் முன்போலவே மடங்கின. அடுத்து ஒரு பெரிய மருத்துவமனையில் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனையின் முடிவு ஏறத்தாழ இயல்பாகவே இருந்தும் அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று உறுதியாகச் சொன்னதால் அதற்கும் ஒப்புக்கொண்டேன். ஒன்றரை இலட்சமும், தழும்பு ஆறும்வரை சில மாதங்களும் அதில் போயின. விரல்கள் அப்படியே இருந்தன. அதற்குப் பின் எண்ணெய்ச் சிகிச்சை, வர்மம், மனநல ஆலோசனை என்று யார் எதைச் சொன்னாலும் செய்தேன். அப்பத்தா பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டார். இவற்றில் செலவில்லாதது அது ஒன்றுதான்.

கடைசியாக, உடல் அசைவுக் கோளாறுகளுக்கென்று சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தபோது அவர் என் ஸ்கேன்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, மேசை மீது விரல்களை ஓட்டிக் காட்டச் சொன்னார். விரல்கள் ஒழுங்காக ஓடின. பிறகு, வாசிக்கும்போது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டார்; கைப்பேசியில் இருந்ததைக் காட்டினேன். சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, இது ஃபோகல் டிஸ்டோனியா என்றார். குறிப்பிட்ட ஒரு நுண்ணிய செயலை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததன் பின்னணியில், அந்தச் செயலுக்குரிய விரல்களை மூளை தனித்தனியாகப் பிரித்து ஆளும் திறன் குழம்பிவிடும் நிலை அது. கையில் எந்தப் பழுதும் இருக்காது. வலி பெரும்பாலும் இருக்காது. அந்த ஒரு செயலில் மட்டும் தசைகள் தாமாக இறுகும். தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இது வருவதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. எனக்கு அன்று ஏற்பட்ட நிம்மதியை, பெயர் தெரியாத நோயோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் விளக்க முடியும். இது முற்றிலும் குணமாவது அரிது என்றும் அதே மூச்சில் சொன்னார், வீடு திரும்பும் வழியில்தான் அது உறைத்தது.

வலியில்லாமல், கருவியைத் தொடும்போது மட்டும் விரல் மடங்கினாலோ நீட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் நேரத்தைச் செலவிடாமல் நேராக நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர்களிலும் அசைவுக் கோளாறுகளில் பழக்கமுள்ளவரைத் தேடிப் போக வேண்டும். மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த காணொளிகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும், முடிந்தால் ஒரு சிறிய கீபோர்டையும். மருத்துவர் நீங்கள் வாசிப்பதைப் பார்க்காமலே அறுவைக்குத் தேதி கொடுத்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். சாதக நேரத்தைக் கூட்டுவதை அன்றே நிறுத்துங்கள், ஏனென்றால் கோளாறான அசைவை மூளைக்கு மேலும் மேலும் மனப்பாடம் செய்விக்கும் வேலைதான் அது.

எனக்குக் கொடுத்த சிகிச்சை, முன்கையில் விரல்களை மடக்கும் தசைகளில் போட்டுலினம் என்னும் நஞ்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போடுவது. தசையைச் சற்றுத் தளர்த்துவதுதான் அதன் வேலை. மூளையில் ஏற்பட்ட குழப்பத்தை அது தொடுவதில்லை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் அதன் விளைவு தேய்ந்துவிடும் என்பதால் மறுபடி போட வேண்டும், ஒவ்வொரு முறையும் இருபதாயிரத்துக்கு மேல் செலவாகும். அளவு சற்றுக் கூடினால் பக்கத்து விரலும் வலுவிழந்துவிடும். முதலில் போட்டபோது எனக்கு மோதிர விரலோடு நடுவிரலும் சில வாரங்கள் துவண்டு கிடந்தது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷரைப் பற்றி அந்த மருத்துவர்தான் சொன்னார். 1964இல், முப்பத்தாறு வயதில், அவருடைய வலது கையில் இதே இரண்டு விரல்கள் மடங்கிவிட்டன. முப்பது ஆண்டுகள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தும், இசைக்குழுக்களை நடத்தியும், பால்டிமோரில் பீபாடி இசைக் கல்லூரியில் கற்பித்தும் வாழ்ந்தார். 1990களில் இந்த ஊசியின் துணையோடு இரண்டு கைகளாலும் மீண்டும் மேடையேறினார். அவருடைய சமகாலத்தவரான கேரி கிராஃப்மனுக்கும் 1970களின் இறுதியில் வலது கை போயிற்று. பிறகு ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியை நடத்தி, உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர்களான லாங் லாங்குக்கும் யூஜா வாங்குக்கும் ஆசிரியரானார். இவர்கள் கதை எனக்குத் தெம்பு தந்தது என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குக் கை கெடும் முன்பே உலகப் பெயர் இருந்தது, கற்பிக்கப் பெரிய கல்லூரிகளும் இருந்தன. எனக்கு இருந்தது வாடகை வீடும் வங்கிக் கடனும்.

அந்தக் கடன் பியானோ வாங்குவதற்காகப் பட்டது. ஒன்பது இலட்சத்துக்கு வாங்கிய பழைய கிராண்டு பியானோ ஒன்று என்னிடம் இருந்தது. வட்டி ஏறிக்கொண்டே போனதால் அவசரமாக விற்க வேண்டியிருந்தது, ஐந்தரை இலட்சம்தான் கிடைத்தது. கிராண்டு பியானோவைக் காத்திருந்து விற்றால்தான் விலை கிடைக்கும். இந்தியாவில் வாங்குகிறவர்களே சிலர்தான். விற்கும் எண்ணம் தோன்றும்போதே சுருதி சேர்ப்பவரிடம் சொல்லி வையுங்கள். எந்த வீட்டில் யார் பியானோ தேடுகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும், தரகருக்குத் தெரியாது. ஒப்புக்கொண்ட கச்சேரிகளைப் பொறுத்தவரை, உடல்நலக் காரணத்தால் விலகினால் முன்பணத்தை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஓர் அமைப்பாளர், நான் மருத்துவச் சான்று அனுப்பியும், முன்பணத்தோடு அரங்க வாடகையையும் என்னிடமே வசூலித்தார்.

காரைக்குடிக்கு வந்தது அப்பத்தாவுக்குத் துணையாக. பள்ளத்தூர் வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது, விசேஷத்துக்குத் திறந்து, விசேஷம் முடிந்ததும் பூட்டப்படும் வீடு. அதன் முகப்பில் வகுப்பு நடத்தலாம் என்று தொடங்கியபோது சிங்கப்பூரிலிருந்த ஒரு பங்காளி தொலைபேசியில் சண்டைக்கு வந்தார். அவர் கேட்டதில் தவறில்லை. வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. பொது வீட்டில் வகுப்பு நடத்துவதாக இருந்தால் எல்லாப் பங்காளிகளிடமும் முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், எந்தெந்த நாள்களில் வீடு அவர்களுக்கு வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பாட்டுச் சத்தத்துக்காக யாரும் சண்டை போடவில்லை, செருப்புகள் திண்ணையில் கிடப்பதுதான் வழக்கானது. கடைசியில் காரைக்குடியில் தனி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே ஓர் அப்ரைட் பியானோவை, அதாவது பீரோபோல் நிமிர்ந்து நிற்கும் வகையை, சென்னையிலிருந்து கொண்டுவந்தேன். இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவி, உள்ளே ஏறத்தாழ 230 தந்திகள், அவற்றின் மொத்த இழுவிசை பதினெட்டு டன் அளவுக்கு வரும். பீரோ ஏற்றுகிறவர்களிடம் கொடுத்தால் பீரோவைப் போலவே மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி நிறுத்தியே கட்ட வேண்டும். இந்த ஊர் வீடுகளுக்குத் திண்ணைப் படி உயரம் என்பதால் பலகை போட்டு ஏற்ற ஆறு பேராவது வேண்டும். ஆத்தங்குடிப் பூ ஓடு பதித்த தரையில் அதன் சிறு சக்கரங்களை உருட்டவே கூடாது. ஓர் ஓடு விரிந்துவிட்டால் அதே பூவும் அதே நிறமும் பழைய வீட்டுத் தரைக்குப் பொருந்தும்படி கிடைப்பது அரிது. தடித்த பலகையை விரித்து, அதன் மேல்தான் நகர்த்தினோம். “ஆச்சி, இது என்ன, யானையை விட அடம் பிடிக்குது” என்று சுமைக்காரர் ஒருவர் சொன்னார்.

இடம் தேர்வு செய்வதில்தான் பலர் தடுமாறுவார்கள். செட்டிநாட்டு வீட்டில் வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் விசாலமாக இருப்பதால் பியானோவுக்கு அதுதான் பொருத்தம் என்று தோன்றும். ஐப்பசி கார்த்திகையில் திறந்த வளவிலிருந்து சாரல் அடிக்கும், சித்திரையில் அதே இடத்தில் அனல் வீசும். பியானோவின் ஒலிப்பலகை மரத்தாலானது. ஈரத்தில் விரிந்து சுருதி ஏறும், வறட்சியில் சுருங்கிச் சுருதி இறங்கும். கட்டைகளுக்கு அடியிலுள்ள கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சி உப்பிவிட்டால், அழுத்திய கட்டை எழும்பாமல் அப்படியே நிற்கும். வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில், சன்னலுக்கு நேராக இல்லாமல் வைப்பதே நல்லது. குளிர்சாதனத்தை வகுப்பு நேரத்தில் மட்டும் போட்டு அணைப்பது, போடாமலே இருப்பதை விடக் கெடுதி. மழைக்காலத்தில் அடிப்பெட்டிக்குள் ஒரு சிறிய மின்விளக்கை எரியவிடும் பழைய வழக்கத்தைச் சுருதி சேர்ப்பவர் சொல்லிக் கொடுத்தார், நன்றாகவே பயன்படுகிறது. ஆனால் துணியும் மரமும் படாத தூரத்தில் அவரையே பொருத்தச் சொல்லுங்கள். அந்துப்பூச்சிக்கும் எலிக்கும் தந்தியை அடிக்கும் சுத்தியலின் கம்பளி மிகவும் பிடிக்கும், கரையானுக்கு மரம். மாதம் ஒருமுறை முன்பலகையைக் கழற்றிக் கைவிளக்கு அடித்துப் பார்த்துவிடுகிறேன். உள்ளூரில் சுருதி சேர்க்க ஆள் இல்லாததால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். திருச்சி, மதுரைப் பக்கம் பியானோ வைத்திருப்பவர்களோடு பேசி ஒரே பயணத்தில் முடித்தால் வழிச்செலவு பங்காகிவிடும். இன்னொன்று: முட்டை வெள்ளைக்கருப் பூச்சுச் சுவரும் வழவழப்பான தரையும் ஒலியை அப்படியே திருப்பி அடிப்பதால் சிறுபிள்ளை வாசித்தாலும் காது அடைக்கும். இரண்டு ஜமுக்காளங்களைச் சுவரில் தொங்கவிட்டதும் அது அடங்கிற்று.

இத்தனைக்கும் பிறகுதான் கற்பிக்கும் வேலை. வாசிக்கத் தெரிந்தால் கற்பிக்கவும் தெரியும் என்று இந்தத் துறையில் எல்லோரும் நம்புகிறார்கள். கற்பிக்க என்னை அழைத்த பள்ளிக்கூடத்தாரும் அப்படியே நம்பினார்கள். என் கைக்குத் தெரிந்திருந்த எதுவும் சொற்களாக என்னிடம் இல்லை. ஐந்து வயதில் எப்படி ஒரு கட்டையை அழுத்தக் கற்றேன் என்பது எனக்கு நினைவில்லை, நினைவில்லாததை எப்படிச் சொல்லித் தர முடியும்? நல்ல கையோடு வருகிற கலைஞர்கள் இதை வாசித்துக் காட்டிச் சமாளித்துவிடுகிறார்கள். பிள்ளை பார்த்துச் செய்கிறது, ஏன் செய்கிறோம் என்பது இருவருக்கும் தெரிவதில்லை. எனக்கு வாசித்துக் காட்டவும் வழியில்லாததால் முதல் சில மாதங்கள் பெரும் அவமானமாகக் கழிந்தன. ஒரு தாய், “டீச்சர், நீங்க வாசிக்கவே மாட்டேங்கிறீங்களே” என்று கேட்டுவிட்டு மகனை நிறுத்திக்கொண்டார். அதன்பின் கற்பித்தலுக்கென்று தேர்வு வாரியங்கள் நடத்தும் பட்டயத்துக்குப் படிக்கத் தொடங்கினேன். மேடையிலிருந்து வருகிறவர்கள், கை நன்றாக இருக்கும்போதே, யாரேனும் நல்ல ஆசிரியரின் வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்து சில மாதங்கள் பார்க்க வேண்டும் என்பேன். ஏழு வயதுக் குழந்தையின் கவனம் எந்த நிமிடத்தில் சிதறுகிறது, அப்போது அந்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை எந்தக் கச்சேரி அனுபவமும் சொல்லித் தராது.

ஒரு சிறு உதாரணம் சொல்கிறேன். கையை வட்டமாக வை, விரல் நுனியால் அழுத்து என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைகள் விரல்களைக் கொக்கியாக்கி மணிக்கட்டை இறுக்கிக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு சிறுவனைத் தரையில் உட்கார வைத்து, ஒரு பிடி அரிசியை ஓட்டின் மீது தூவி, ஒரு மணியும் தப்பாமல் கூட்டி அள்ளச் சொன்னேன். ஐந்து விரல்களும் தாமே வளைந்தன, மணிக்கட்டு தளர்ந்தது, கட்டைவிரல் பக்கவாட்டில் தானாக நகர்ந்து வந்தது. அந்தக் கையைக் கலைக்காமல் அப்படியே எழுந்து கட்டைகள் மீது வைக்கச் சொன்னேன். முன்கையின் எடை முதன்முறையாக விரலுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஸ்வரம் வேறு மாதிரி ஒலித்ததை அவனே கவனித்து மறுபடி அழுத்திப் பார்த்தான். இப்போது என் அறையில் எப்போதும் ஒரு கிண்ணம் அரிசி இருக்கும். காலும் முக்கியம், கால் எட்டாமல் தொங்கினால் இடுப்பும் தோளும் இறுகிவிடும் என்பதால் இரண்டு மணைகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் காலடியில் போட்டுவிடுகிறேன். கடையில் விற்கும் கால்பலகைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

இன்னொரு சிறுமி வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டே என்னிடம் வந்தாள். ச, க, ப என்று வாசித்துவிட்டு, “மிஸ், க கொஞ்சம் மேல நிக்குது” என்றாள். அவள் சொன்னது சரி. பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்திருப்பதால், தம்புராவில் இயற்கையாகக் கேட்கும் அந்தர காந்தாரத்தை விடப் பியானோவின் காந்தாரம் 14 சென்ட் உயர்ந்து நிற்கும். நூறு சென்ட் சேர்ந்தது ஓர் அரைஸ்வரம். எல்லாச் சுருதிகளிலும் ஒரே கருவியை வாசிப்பதற்காகக் கொடுக்கும் விலை அது. கர்நாடக இசைக் காதுள்ள பிள்ளையிடம் உன் காது தவறு என்று சொல்லிவிடாதீர்கள், சுருதிப் பெட்டியையும் பியானோவையும் ஒரே அறையில் ஒன்றாக ஒலிக்க விடாதீர்கள். காரைக்குடி சகோதரர்கள் என்று அறியப்பட்ட வீணைக் கலைஞர்கள் வாழ்ந்த ஊர் இது. அண்ணன் சுப்பராம ஐயரின் மறைவுக்குப் பின் தம்பி சாம்பசிவ ஐயர் கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக அமர்ந்தார். மேடையிலிருந்து இறங்கிக் கற்பிப்பதை இந்த ஊர்ப் பெரியவர்கள் இழிவாகப் பார்த்ததில்லை. சென்னையில்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பெற்றோரிடம் பேசிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. வீட்டிலிருக்கும் அறுபத்தொரு கட்டைக் கீபோர்டு போதுமா என்பது முதல் கேள்வியாக இருக்கும். தொடங்கச் சில மாதங்கள் போதும். அதற்கு மேல் அழுத்தத்துக்கு எதிர்ப்பு இல்லாத கட்டையில் விரல் வளராது. எண்பத்தெட்டுக் கட்டையும் சுத்தியல் எடையும் உள்ள டிஜிட்டல் பியானோ ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது, இந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு அதுவே நல்லது. ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பியானோ பரணில் இருக்கிறது, அதைச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்கிறவர்களும் உண்டு. தந்தி முறுக்கும் ஆணிகள் மரத்தில் பிடிமானம் இழந்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் சுருதி நிற்காது என்பதால், ஆணி பிடிக்கிறதா என்று பார்க்காமல் மேற்பூச்சுக்குப் பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அடுத்த கேள்வி, எத்தனை மாதத்தில் ஐந்தாம் கிரேடு என்பது. 2020 முதல் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பும் தேர்வுகள் வந்துவிட்டதால் சென்னைக்குப் போகாமலே எழுதலாம், அது இங்குள்ள பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. ஆனால் அந்த வகைத் தேர்வில் நான்கு உருப்படிகளை வாசித்தால் போதும், ஸ்கேலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதும் கேட்கப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் நான்கே உருப்படிகளை உருப்போட்டுச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைக்குப் புதிய தாளைக் கொடுத்தால் ஒரு வரியும் படிக்கத் தெரியாது. இப்படி வருகிறவர்களை நான் இரண்டு கிரேடு கீழே இறக்கித்தான் தொடங்குகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், போகட்டும்.

கட்டணத்தை வாரக் கணக்கில் வாங்காதீர்கள். திருமணம் என்றால் இங்கே ஒரு வாரம் வீடே பூட்டியிருக்கும், பிள்ளையார் நோன்பு, படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா, பள்ளித் தேர்வு என்று ஆண்டில் பல வாரங்கள் வகுப்பு இருக்காது. வந்த வகுப்புக்கு மட்டும் என்று வாங்கிய காலத்தில் மார்கழி, தை மாதங்களில் என் வருமானம் பாதிக்கும் கீழே போயிற்று. இப்போது மாதம் இரண்டாயிரம் என்று பத்து வாரப் பருவத்துக்கு முன்கூட்டியே வாங்குகிறேன், விட்டுப்போன வகுப்புகளில் இரண்டை மட்டும் ஈடு செய்கிறேன். உறவுக்காரர்கள் கட்டணம் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று தயங்கினேன். முதல் நாளே அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

என் கை இப்போது வகுப்புக்குப் போதுமான அளவில் இருக்கிறது. ஊசியை நிறுத்திவிட்டேன்; மெதுவான உருப்படிகளில் விரல்கள் அடங்கி நிற்கின்றன, ஸ்கேல் ஓடினால் இன்றும் மடங்குகின்றன. இடது கைக்கென்று ஸ்கிரியாபின் எழுதிய ஒன்பதாம் எண் (ஓபஸ் 9) உருப்படிகளையும், பாக் வயலினுக்கு எழுதிய சக்கோன் என்னும் உருப்படியைப் பிராம்ஸ் இடது கைக்கு மாற்றி எழுதியதையும் ஆண்டுக்கு ஓரிரு முறை வாசிக்கிறேன். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ரவேல் எழுதிய கான்செர்ட்டோவுக்கு இசைக்குழு வேண்டும், அதற்கு வழியில்லை.

என்னிடம் ஆறாம், ஏழாம் கிரேடு தாண்டும் பிள்ளைகளைச் சென்னையில் மேற்கொண்டு கற்பிப்பவர்களிடம் அனுப்பிவிடுகிறேன். பிள்ளையோடு ஒரு கடிதமும் போகும். எந்தெந்த உருப்படிகளை முடித்திருக்கிறது, பார்த்து வாசிப்பது எந்த அளவில் இருக்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் சாதகம் செய்யப் பழகியிருக்கிறது, எந்த விரல் எப்போது இறுகுகிறது, கடைசியாகக் கை வலிப்பதாகச் சொன்னது எப்போது, அப்போது எத்தனை நாள் நிறுத்தி வைத்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐம்பது நிமிடத்துக்கு மேல் எழாமல் வாசிக்க விட வேண்டாம் என்று கடைசி வரியில் எழுதி, அதன் கீழே கோடு போட்டு அனுப்புகிறேன்.